ஸ்கைரிம் இப்போதும் வாங்கத் தக்கதா?

முதல் சம்பளத்தில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கிய தம்பி ஒருவர் வில்லியனூரிலிருந்து கேட்டிருக்கிறார்: புதிய விளையாட்டுகள் அதில் ஓடவில்லை, நண்பர்கள் எல்லோரும் ‘ஸ்கைரிம்’ வாங்கச் சொல்கிறார்கள், 2011இல் வந்த ஒரு விளையாட்டுக்கு இப்போது பணம் கொடுக்கலாமா, அதில் உண்மையிலேயே எது நன்றாக இருக்கிறது, எது இல்லை?

கொடுக்கலாம் தம்பி. ஆனால் ஒரு நாட்டின் தலையெழுத்தையே மாற்றப்போகிறோம் என்ற எண்ணத்தோடு உள்ளே போனால் ஏமாந்துபோவீர்கள். தெரியாத தேசத்தில் இறங்கி, கால் போன போக்கில் நடந்து, இங்கே முன்பு என்ன நடந்தது என்று தேடிப் பார்க்கும் ஆசையோடு போனால் மாதக்கணக்கில் வெளியே வரமாட்டீர்கள். அதன் நிறையும் குறையும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1994இல் ‘அரீனா’வில் தொடங்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் இது ஐந்தாவது. அமெரிக்காவின் பெதெஸ்டா கேம் ஸ்டுடியோஸ் உருவாக்கியது, டாட் ஹோவர்ட் இயக்கியது, 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. ஸ்கைரிம் என்பது பனி மூடிய ஒரு வடக்கு மாகாணம். நீங்கள் மரண தண்டனைக்குக் கொண்டுபோகப்படும் கைதி. வெட்டுக்கட்டையில் தலை வைத்திருக்கும்போது டிராகன் ஒன்று வந்து ஊரைக் கொளுத்துகிறது. அந்தக் களேபரத்தில் ஒரு குகை வழியாகத் தப்புகிறீர்கள். கொல்லப்பட்ட டிராகனின் ஆன்மாவை உள்வாங்கும் பிறவி நீங்கள் என்பது பிறகு தெரியவருகிறது. நாட்டில் பேரரசுக்கும் ஸ்டார்ம்கிளோக் கிளர்ச்சியாளர்களுக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. முன்கதை இவ்வளவுதான். குகையை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து எந்தத் திசையில் வேண்டுமானாலும் நடக்கலாம்.

நான் கடலூர் முதுநகரைச் சேர்ந்தவன்; கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது தொழில். 2011 டிசம்பர் நடுவில் புதுச்சேரிக்குப் போய் இதை டிவிடியாக வாங்கி வந்தேன். டிவிடி கையில் இருந்தாலும் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் கணக்கில் இணையம் வழியாகப் பதிவு செய்தால்தான் ஓடும். அன்றைய இணைய வேகத்தில் அதற்கே ஓர் இரவு போயிற்று. அதன் பிறகு இரண்டு வாரம் ஒழுங்கான தூக்கம் இல்லை. வடகோடியில் இருக்கும் வின்டர்ஹோல்டு என்ற ஊருக்கு நான் போய்ச் சேர்ந்திருந்த சமயம், டிசம்பர் 30 அதிகாலையில், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகக் காற்று. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவில் மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

புயலுக்கு முன் வின்டர்ஹோல்டு எனக்கு ஏமாற்றமான ஊர். ஒரு காலத்தில் பெரிய நகரம் என்று கேள்விப்பட்டுப் பனிக்காற்றில் அவ்வளவு தூரம் ஏறிப் போனால், தெருவில் நாலைந்து வீடும் ஒரு விடுதியும்தான். மற்றதெல்லாம் இடிபாடு. பாறை முனையில் மந்திரவாதிகளின் கல்லூரி மட்டும் தனியாக நிற்கிறது. மின்சாரம் வந்து மறுபடி விளையாட உட்கார்ந்தபோது அதே ஊர் எனக்கு வேறாகத் தெரிந்தது. ஆட்டத்தின் கணக்குப்படி ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் கடல் கொந்தளித்து, நகரத்தின் பெரும்பகுதி அப்படியே சரிந்து தண்ணீருக்குள் போய்விட்டது. மிஞ்சியவர்கள் கல்லூரியைக் குற்றம் சொல்கிறார்கள். கல்லூரியோ தனக்கு அதில் பங்கில்லை என்கிறது. யாரிடம் பேசினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அந்த நாளுக்கே வந்து நிற்கிறது. புயலுக்கு முன், புயலுக்குப் பின் என்று எங்கள் தெருவும் பேசத் தொடங்கியிருந்த நேரம் அது. இந்த ஊரை எழுதியவர்கள் எதையோ சரியாகக் கண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் பட்டது.

ஸ்கைரிமின் முதல் பலம் இதுதான். அந்த நாட்டுக்கு ஒரு நேற்று இருக்கிறது. அது எங்கும் கொட்டிக் கிடக்கிறது. வடக்குக் கடற்கரையில் ஃபிராஸ்ட்ஃப்ளோ என்று ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. யாரும் அனுப்பாமல், குளிருக்கு ஒதுங்குவது போல நான் உள்ளே நுழைந்தேன். தரையில் ஒரு பெண்ணின் பிணம். மேசையிலும் அறைகளிலும் அந்தக் குடும்பத்தார் எழுதிவைத்த குறிப்புகள். அவற்றைப் படித்துக்கொண்டே பாதாள அறையின் உடைந்த சுவர் வழியாகக் கீழே இறங்கினால், அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு வீட்டின் கதை பின்னிலிருந்து முன்னாக விரிகிறது. தன் எச்சங்களை விளக்கின் நெருப்பில் இட வேண்டும் என்பது அந்த அப்பாவின் ஆசை. அவற்றைக் கண்டெடுத்து, மாடிப்படி ஏறி, நெருப்பில் போட்டால், குணப்படுத்தும் மந்திரங்கள் பத்து சதவீதம் கூடுதலாக வேலை செய்யும் என்ற சிறிய வரம் கிடைக்கிறது. வரம் பெரிதல்ல. துறைமுகத்துக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த மாடியில் நின்று கடலைப் பார்த்த இரண்டு நிமிடம் இன்றும் நினைவிருக்கிறது.

இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். முறிந்த வண்டி, அதன் அருகே செத்த குதிரை, சற்றுத் தள்ளி ஒரு கடிதம். பாழடைந்த சுரங்கத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுதிய நாட்குறிப்புகள். எதையும் யாரும் விளக்குவதில்லை. நீங்களே கூட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பலம் நிலத்தின் அமைப்பு. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகும்போது செஞ்சிக் கோட்டை மலைகள் தூரத்திலேயே தெரியத் தொடங்கும்; பாதை வளைய வளைய இடம் மாறி, பெரிதாகி, கடைசியில் பக்கத்தில் வந்து நிற்கும். சமவெளிக் கரையில் வாழ்கிற நமக்கு, கேப்பர் மலையையே மலை என்று சொல்லி வளர்ந்த நமக்கு, அந்த அனுபவம் பெரியது. ஸ்கைரிமில் உலகின் தொண்டை என்று பெயர் கொண்ட சிகரம் அப்படித்தான் உங்களைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் நாட்டின் பல மூலைகளிலிருந்து அதை வைத்தே திசை சொல்லலாம். அதன் மேலே இருக்கும் மடத்துக்கு ஏழாயிரம் படிகள் என்பது அந்த ஊர் வழக்கு. எண்ணிப் பார்த்தால் ஆயிரத்துக்கும் குறைவுதான். ஆனாலும் பனிச்சறுக்கலில் ஏறி, வழியில் உள்ள பத்துக் கல்வெட்டுகளையும் நின்று படித்து, நடுவில் பனிப்பூதத்தோடு மோதி மேலே போய்ச் சேரும்போது ஏழாயிரம் ஏறிய களைப்பும் பெருமிதமும் வந்துவிடுகின்றன.

நிலத்துக்கு அடியிலும் இதே கவனம் இருக்கிறது. பனிப்பாறைக்குக் கீழே ஒரு பழைய இயந்திர நகரத்தின் வழியாக இறங்கிக்கொண்டே போனால் பிளாக்ரீச் என்ற மாபெரும் குகைவெளி திறக்கும். மரம் உயரத்துக்கு ஒளிரும் காளான்கள், நடுவில் தொங்கும் செம்மஞ்சள் விளக்குக் கோளம். முதல்முறை அங்கே போகும்போது யாரிடமும் எதுவும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். நானும் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இசையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜெரமி சோல் அமைத்தது. தொடக்கப் பாடலுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஆண் குரல்களை மூன்று முறை பாடவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சொற்கள் ஆட்டத்துக்காகவே உருவாக்கிய டிராகன் மொழியில் இருக்கின்றன. ஆனால் எனக்குப் பிடித்தது அந்த முழக்கம் அல்ல. இரவில் வடதுருவ ஒளி வானத்தில் அசையும்போது கேட்டும் கேட்காமலும் ஓடுகிற மெல்லிய இசை.

பாத்திரத்தை வளர்க்கும் முறையும் நல்லது. தொடக்கத்திலேயே வீரனா, மந்திரவாதியா, திருடனா என்று முடிவு செய்யத் தேவையில்லை. மொத்தம் 18 திறமைகள். எதைச் செய்கிறீர்களோ அது வளர்கிறது. வில்லை எடுத்தால் வில், பூட்டைத் திறந்தால் பூட்டு. முந்தைய ‘ஆப்லிவியன்’ ஆட்டத்தில் இருந்த எட்டு அடிப்படைப் பண்புகளை நீக்கி உயிர், மந்திர சக்தி, உடல் வலு என்று மூன்றாகக் குறைத்தார்கள். பழைய ரசிகர்கள் பலருக்கு அதில் இன்றும் வருத்தம். முதல்முறையாக இந்த வகை விளையாட்டைத் தொடுகிறவருக்கு அது வரமே என்பது என் எண்ணம்.

இனி குறைகள். வின்டர்ஹோல்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என் பெரிய மனக்குறை அங்கேதான் இருக்கிறது. தானே புயலுக்குப் பிறகு வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் எங்கள் தெருவில் கம்பம் நட்டார்கள். தோப்பை இழந்தவர்கள் மறுபடி கன்று வைத்தார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த நான், வின்டர்ஹோல்டில் ஒரு வீட்டையாவது எழுப்ப ஏதாவது வழி வரும் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. 2012இல் வீடு கட்டும் வசதியோடு ‘ஹார்த்ஃபயர்’ என்ற இணைப்பு வந்தது. அதிலும் நிலம் கிடைப்பது வேறு மூன்று பகுதிகளில்தான். நூறு மணி நேரம் விளையாடினாலும் அந்த ஊர் அதே இடிபாட்டோடு, அதே நாலைந்து வீட்டோடு நிற்கும்.

அங்குள்ள கல்லூரியில் சேர்ந்தால் சில பணிகளிலேயே தலைமை மந்திரவாதியாகிவிடலாம். அதுவும் மந்திரத்தைப் பெரிதாகப் பயன்படுத்தாமலேயே. பதவி ஏற்ற மறுநாள் ஊருக்கும் கல்லூரிக்கும் நடுவிலுள்ள பகையைத் தீர்க்கப் போகலாமா? முடியாது. ஊர்த்தலைவரிடம் போய் ‘நான்தான் இப்போது தலைவர், பேசுவோம்’ என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கு ஒரு அறையும் அங்கியும் கிடைக்கும், அவ்வளவுதான்.

விண்ட்ஹெல்ம் நகரம் இதைவிட வலிக்கும். அகதிகளாக வந்த டார்க் எல்ஃப் இனத்தவர் அங்கே சாம்பல் பகுதி என்ற குறுகிய, இருண்ட தெருக்களில் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள். நகருக்குள் நுழைந்ததுமே அவர்களில் ஒரு பெண்ணை இருவர் மிரட்டும் காட்சி. எழுத்து அவ்வளவு கூர்மை. போரில் பேரரசின் பக்கம் நின்று அந்த நகரைப் பிடித்தால் அந்த மக்கள்மேல் பரிவு கொண்ட ஒருவர் ஆட்சிக்கு வருகிறார். ஓடிப்போய்ச் சாம்பல் பகுதியைப் பார்த்தேன். அதே அழுக்கு, அதே இருட்டு. சில பேச்சுகள் மாறியிருந்தன. ஒரு கல்கூட மாறவில்லை. போருமே அப்படித்தான்: நாட்டைப் பிளந்த சண்டை என்று வாயால் சொல்கிறார்கள், ஆனால் சில கோட்டைகளைப் பிடித்ததும் முடிந்துவிடுகிறது.

கதையின் நடுவில் வரும் பார்துர்நாக்ஸ் விஷயத்தைச் சுவை கெடாமல் சொல்ல முயல்கிறேன். ஒரு காலத்தில் கொடியவராக இருந்து, பிறகு மனம் மாறி, நெடுங்காலமாகத் தவம் போல வாழ்பவர். உங்களுக்கு ஆசானாகிறார். டிராகன்கள் மோதிக்கொள்வது உண்மையில் அவற்றின் வாக்குவாதம், நெருப்பும் பனியும் அவற்றின் சொற்கள் என்ற அருமையான கற்பனையை அவரோடு பேசும்போதுதான் உணர்கிறோம். பழைய பாவத்துக்காக அவரைக் கொல்ல வேண்டும் என்று உங்களோடு இருக்கும் டெல்ஃபின் கேட்கிறார்; உங்களைப் போன்ற பிறவிக்குத் துணை நிற்கக் கடமைப்பட்ட பழைய வீரர் குழு ஒன்றைச் சேர்ந்தவர் அவர். நல்ல சிக்கல், ஓர் இரவு முழுவதும் யோசிக்கலாம். ஆனால் டெல்ஃபினிடம் வாதாட வழி இல்லை. ‘மனம் மாறியவரை ஏன் கொல்ல வேண்டும், நீங்கள் என் சொல்லைக் கேட்க வேண்டியவர் அல்லவா’ என்று கேட்க உரையாடலில் இடமே வைக்கவில்லை. கொன்றால் டெல்ஃபினின் உதவி உண்டு, கொல்லாவிட்டால் இல்லை. இவ்வளவு நல்ல கேள்வியை எழுப்பிவிட்டு, பதில் சொல்ல வாயைக் கட்டிவிட்டார்கள். 2015இல் வந்த ‘விட்சர் 3’ இந்த இடத்தில் பல படி மேலே நிற்கிறது. அங்கே நீங்கள் எடுத்த முடிவு, நீங்கள் மறந்த பிறகு, வேறொரு ஊரில் உங்கள் முன் வந்து நிற்கும்.

சண்டையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வாள்வீச்சில் கனம் இல்லை. அடித்தாலும் பட்டாலும் காற்றில் கைவீசுவது போல இருக்கும். அழிவு மந்திரங்களில் திறமை எண் ஏறினால் செலவு குறையுமே ஒழியத் தாக்கும் வலு தானாகக் கூடாது; ஆகவே பின்பகுதியில் மந்திரவாதி சோர்ந்துபோவார். ஒளிந்து நின்று அம்பு எய்வது மட்டும் எப்போதும் பலன் தருவதால், எப்படித் தொடங்கினாலும் பெரும்பாலோர் கடைசியில் வில்லோடு குனிந்து நடந்துகொண்டிருப்பார்கள். மருந்து செய்வதையும் ஆயுதத்துக்கு மந்திரம் ஏற்றுவதையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் டிராகனையே ஒரே அடியில் வீழ்த்தும் வாள் கிடைக்கும். அதோடு ஆட்டத்தின் சுவை போய்விடும். கடினத்தைக் கூட்டலாமே என்றால், அது எதிரியின் அறிவைக் கூட்டுவதில்லை. உச்ச நிலையில் உங்கள் அடி கால் பங்காகிறது, அவர்கள் அடி மூன்று மடங்காகிறது, வேறெதுவும் மாறாது.

பழைய கல்லறைகளின் கதவுப் புதிரும் ஏமாற்றம்தான். மூன்று வளையங்களைச் சரியான விலங்கு உருவங்களுக்குத் திருப்ப வேண்டும். விடை உங்கள் கையிலுள்ள, டிராகன் நகம் போன்ற சாவியிலேயே செதுக்கியிருக்கிறது. முதல் கதவில் அது அழகான கண்டுபிடிப்பு. ஐந்தாவது கதவில் வெறும் சடங்கு.

நான் அதிகம் வருந்துவது வழிகாட்டும் அம்புக்குறியைப் பற்றி. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அடிக்கடி பஸ்ஸில் போகிறவருக்குப் பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று கண்ணை மூடினாலும் வழி வரும். இடங்களின் பெயரும் வரிசையும் உடம்பில் ஏறியிருக்கும். 2002இல் வந்த ‘மாரோவிண்ட்’ ஆட்டத்தில் அதுதான் முறை: ஆற்றைத் தாண்டி, இரண்டு பாறைகளுக்கு நடுவே கிழக்கே திரும்பு என்று வாயால் வழி சொல்வார்கள், கேட்டு நடக்க வேண்டும், தவற வேண்டும், திரும்ப வேண்டும். ஸ்கைரிமில் பணி கொடுப்பவர் வழி சொல்வதே அரிது, ஏனென்றால் திரையின் மேல் ஒரு குறி இருக்கிறது. அந்தக் குறியையே பார்த்து நடந்தால் அவ்வளவு பாடுபட்டு அமைத்த நிலம் கண்ணில் படாமலே போகும். ஒரு முறை போன இடத்துக்கு வரைபடத்தைத் தொட்டு மறுபடி தாவிப் போகலாம் என்பது இன்னொரு கேடு. நான் இரண்டாவது முறை விளையாடியபோது தாவுவதையே விட்டுவிட்டேன். பெரிய நகரங்களின் வாசலில் குதிரை வண்டிக்காரர் இருக்கிறார். இருபதோ ஐம்பதோ பொற்காசு கொடுத்தால் அடுத்த நகரம். அங்கிருந்து நடை. அப்படி விளையாடியபோதுதான் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டது.

பிழைகள் பிரசித்தம். வெளிவந்த முதல் மாதத்திலேயே ஒரு திருத்தம் வந்து டிராகன்களைப் பின்பக்கமாகப் பறக்கவைத்தது. பிளேஸ்டேஷன் 3இல் சேமிப்புக் கோப்பு பெரிதாகப் பெரிதாக ஆட்டமே திணறியது. பெரும்பாலானவை சரிசெய்யப்பட்டுவிட்டன, எல்லாம் இல்லை. குரல்களும் திரும்பத் திரும்ப வரும்: ஒரு ஊர்க் கடைக்காரரின் குரலை அடுத்த ஊர்க் காவலரிடம் கேட்பீர்கள்.

இந்தக் குறைகளோடு அது இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்குக் காரணம் விளையாடியவர்களே. 2012 பிப்ரவரியில் பெதெஸ்டா தன் உருவாக்கக் கருவியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அன்றிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மோடுகள், அதாவது ஆட்டத்தில் தாங்களே சேர்க்கும் மாற்றங்கள், செய்கிறார்கள். டெல்ஃபினோடு வாதாட வைக்கும் மோடு இருக்கிறது. வின்டர்ஹோல்டை மறுபடி எழுப்பும் மோடுகளும் இருக்கின்றன. அதில் ஒன்றை நிறுவி முதன்முதலாக அந்தத் தெருவில் புதுக் கூரைகளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ‘மறக்கப்பட்ட நகரம்’ என்ற பொருளில் பெயர் கொண்ட ஒரு மோடு 2016இல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்று, 2021இல் தனி விளையாட்டாகவே வெளிவந்தது. இந்த உழைப்புக்கு விலை வைக்க 2015 ஏப்ரலில் ஸ்டீம் கொண்டுவந்த திட்டம் எதிர்ப்பால் சில நாளில் கைவிடப்பட்டது. மோடு செய்பவர்களுக்குப் பணம் கிடைப்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். அவசர அவசரமாகச் செய்ததுதான் தவறு.

இனி உங்கள் லேப்டாப். 2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷனை வாங்குங்கள். 64 பிட் என்பதால் பழைய பதிப்பைவிட நிலையாக ஓடும். ‘ஹார்த்ஃபயர்’ உட்படப் பின்னால் வந்த மூன்று இணைப்புகளும் அதிலேயே அடக்கம். 8 ஜிபி ரேம், 12 ஜிபி காலியிடம், ஜிடிஎக்ஸ் 470 அளவுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு என்பது அவர்கள் சொன்ன குறைந்தபட்சத் தேவை. எஸ்எஸ்டி இல்லாவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் காத்திருக்கும் நேரம் பாதிக்கும் மேல் குறையும். ஸ்டீமில் விலை குறைப்பு அடிக்கடி வரும், அதுவரை பொறுங்கள்.

முதல் ஆட்டத்தில் ரசிகர்கள் செய்த பிழைதிருத்தத் தொகுப்பைத் தவிர வேறு மோடு எதுவும் வேண்டாம். எஃப்5ஐ அழுத்தினால் அந்த நொடியே சேமிக்கும். 2012இன் மின்வெட்டுக் காலத்தில் என் ஆட்டத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு விசைதான். லேப்டாப் பேட்டரி பழையதென்றால் உங்களுக்கும் அது தேவைப்படும். முதல் டிராகனைக் கொன்றதும் மலைக்கு வரச்சொல்லி அழைப்பு வரும். உடனே போக வேண்டாம். ஒயிட்ரன் நகர வாசலில் வண்டி பிடித்து வின்டர்ஹோல்டுக்குப் போய், விடுதியில் ஓர் இரவு தங்குங்கள். காலையில் கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கரையோரமாக மேற்கே நடங்கள். கையில் ஒரு தீப்பந்தம் இருக்கட்டும்.